மலைமேல் ஒரு லிஞ்ச் குடும்பம்: எந்தச் சோதனை, எந்த வயதில், எந்த ஊரில்

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் 33 கிலோமீட்டர் பாதையில், பேதி மருந்து குடித்த வயிற்றோடு பஸ்ஸில் உட்கார்ந்து வர முடியாது. கொலோனோஸ்கோபிக்கு (கேமராக் குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) தயாராகிறவர் மருந்தில் பாதியை முந்தைய இரவும், மறுபாதியைப் பரிசோதனைக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் முன்பும் குடிக்க வேண்டும். கோயம்புத்தூரில் காலை பத்து மணிக்குப் பரிசோதனை என்றால், விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு இரண்டாவது லிட்டர் உள்ளே போயிருக்க வேண்டும். அந்த நேரத்தில் மலையில் இருக்கக் கூடாது. பரம்பரையாகப் புற்றுநோய் வரும் எங்கள் குடும்பத்தில் நாங்கள் எடுத்த முடிவுகளில் பாதி இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவை.

எங்கள் அம்மா 2008-இல் கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார், வயது 46. அவருடைய அண்ணன், எங்கள் மாமா, அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே பெருங்குடல் புற்றுநோயில் போய்விட்டார், வயது 44. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. ஒன்று பெண்களுக்கு வருவது, மற்றது வயிற்றுக் கோளாறு என்றே இருந்துவிட்டோம். 2023-இல் என் தம்பிக்குப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருப்பது தெரிந்தபோது அவனுக்கு வயது 36. அதற்கு முன் எட்டு மாதம், ஒரு மருத்துவமனையில், மூலத்தால் வந்த இரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தேயிலைத் தோட்டத்துக் குடியிருப்பில் சோகை இல்லாத வீடு குறைவு. அதனால் நாங்களும் சந்தேகிக்கவில்லை. வலப்பக்கக் குடலில் வளரும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் இரத்தத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். பல பேருக்கு அது முதலில் சோகையாகத்தான் தெரியவரும். முப்பதுகளில் இருக்கும் ஓர் ஆணுக்குச் சோகை என்றால் இரத்தம் எங்கே போகிறது என்று கேட்டாக வேண்டும். இதை இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் வீட்டில் ஓடுவதன் பெயர் லிஞ்ச் சிண்ட்ரோம். செல் இரண்டாகப் பிரியும்போது மரபணு எழுத்துகளைப் படியெடுக்க வேண்டும். படியெடுக்கையில் பிழை விழும். அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்துத் திருத்துவதற்கென்றே எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 என்று நான்கு மரபணுக்கள் இருக்கின்றன. இவற்றில் ஒன்று பிறவியிலேயே பழுதாக வந்தால் பிழைகள் சேரும். சேர்ந்த இடம் குடலாகவோ, கர்ப்பப்பையின் உட்படலமாகவோ இருந்தால் இளம் வயதில் புற்றுநோய். எம்.எஸ்.எச்.2-க்குப் பக்கத்திலேயே இருக்கும் ஈப்கேம் என்ற மரபணுவின் வால்பகுதி அறுந்துபோனாலும் எம்.எஸ்.எச்.2 வாயடைத்துப் போகும். ஆகவே அதையும் சேர்த்து ஐந்து என்பார்கள். இது அபூர்வமான சங்கதி அல்ல. மேலை நாட்டுக் கணக்குப்படி ஏறக்குறைய 300 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. தாயிடமோ தந்தையிடமோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குச் சரிபாதி வாய்ப்பு.

1895-இல் அமெரிக்காவின் மிச்சிகனில் ஆல்ட்ரெட் வார்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் அவருடைய தையற்காரப் பெண், தங்கள் வீட்டில் எல்லாரும் வயிறு, குடல், கர்ப்பப்பை நோயில்தான் சாகிறார்கள், தானும் அப்படித்தான் போகப் போவதாகச் சொல்லியிருக்கிறார். சொன்னபடியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து, 1913-இல் எழுதி வெளியிட்டார். ஐம்பது ஆண்டுகள் கழித்து ஹென்றி லிஞ்ச் அதே வழியில் வேறு குடும்பங்களைக் கண்டெடுத்தார். மரபணுக்கள் பிடிபடத் தொடங்கியது 1993-இல். அந்தத் தையற்காரப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். என் அம்மாயியும் இப்படித்தான் சொல்வார்: “நம்ம வம்சத்துக்கு அடிவயிறுதான் எமன்.” யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

முதலில் தீர்மானிக்க வேண்டியிருந்தது, யாரைச் சோதிப்பது என்பது. தங்கை, நான், தம்பி, தம்பியின் மனைவி, இரண்டு குடும்பத்துப் பிள்ளைகள் என்று வரிசை நீண்டது. நான் ஆரோக்கியமாக இருக்கிறேன், நானே போய் இரத்தம் கொடுத்துவிடுகிறேன் என்றுதான் முதலில் கிளம்பினேன். அது தவறான முனை. ஆரோக்கியமாக இருக்கிறவரைச் சோதித்து ஒன்றும் இல்லை என்று வந்தால் இரண்டு பொருள் உண்டு: குடும்பத்துப் பழுது இவருக்கு வரவில்லை என்பது ஒன்று, குடும்பத்துப் பழுது என்ன என்பதே இந்தச் சோதனையின் கண்ணில் படவில்லை என்பது மற்றது. எது என்று பிரித்தறிய வழியில்லை. நோய் வந்தவரிடமிருந்து தொடங்கினால்தான் ‘இல்லை’ என்ற சொல்லுக்கு மதிப்பு வரும்.

அதிலும் இரத்தத்துக்கு முன்னால் கட்டியைக் கேட்க வேண்டும். அறுவைச் சிகிச்சையில் எடுத்த கட்டியின் துண்டை மெழுகில் பதித்து மருத்துவமனையில் வைத்திருப்பார்கள். அதில் அந்த நான்கு மரபணுக்களின் புரதமும் இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை, மரபணுச் சோதனையைவிட மிகவும் மலிவு. புரதங்கள் ஜோடியாக வேலை செய்பவை. எம்.எல்.எச்.1 போனால் பி.எம்.எஸ்.2-உம் கூடவே மறையும், எம்.எஸ்.எச்.2 போனால் எம்.எஸ்.எச்.6-உம் மறையும். தம்பியின் கட்டியில் இரண்டாவது ஜோடி இல்லை. ஆகவே எம்.எஸ்.எச்.2-ஐப் பாருங்கள் என்று சாயமே கைகாட்டிவிட்டது. முதல் ஜோடி காணாமல் போயிருந்தால் இன்னொரு படி தாண்ட வேண்டியிருந்திருக்கும், ஏனென்றால் எம்.எல்.எச்.1 வயதின் காரணமாகக் கட்டிக்குள் மட்டும் அணைந்துபோவதும் உண்டு, அது பரம்பரை அல்ல.

இந்தச் சாயச் சோதனையை அறுவைக்கு முன்பே, பயாப்சித் துணுக்கில் செய்திருக்கலாம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அப்படிச் செய்திருந்தால், குடலின் வலப்பாதியை மட்டும் எடுப்பதா, பெருங்குடலின் பெரும்பகுதியை எடுப்பதா என்று தம்பிக்கு ஒரு தேர்வு இருந்திருக்கும். மீதிக் குடலில் மறுபடி வரும் ஆபத்து அவனுக்கு உண்டு. பெரும்பகுதி போனால் அந்த ஆபத்து குறையும், ஆனால் நாளைக்குப் பலமுறை வெளியே போக வேண்டியிருக்கும். மலைச்சரிவில் கவாத்து வெட்டுகிறவனுக்கு எது தேவலை என்று அவன்தான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கேள்வி அவனிடம் கேட்கப்படவே இல்லை. குடும்பத்தில் யாருக்காவது இப்போது குடல் கட்டி என்று பயாப்சி எடுத்திருந்தால், அறுவைத் தேதி குறிப்பதற்கு முன் இந்த ஒரு சோதனையைக் கேட்டு வாங்குங்கள். இதே முடிவு சில வேளைகளில் எந்த மருந்து கேட்கும் என்பதையும் சொல்லும்; பிழை திருத்தம் பழுதான கட்டிகளுக்கு நோயெதிர்ப்பைத் தூண்டும் மருந்துகள் 2017 முதல் வந்திருக்கின்றன.

தம்பியின் இரத்தத்தில் எம்.எஸ்.எச்.2 பழுது உறுதியான பிறகு எங்களுக்கு வேலை சுலபம். எழுபது, எண்பது மரபணுக்களை அலசும் பெரிய சோதனை எங்களுக்குத் தேவையில்லை. அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். செலவும் குறைவு, குழப்பமும் குறைவு. பெரிய சோதனையில் ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். உலகத் தரவுத்தொகுப்புகளில் நம் மக்களின் மரபணுக்கள் குறைவாக இருப்பதால் நமக்கு அப்படி வருவது அதிகம். அதை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்கக் கூடாது. எடுக்காமல் இருக்கவும் மனம் விடாது. குடும்பத்தில் எந்த மரபணு என்றே தெரியாதவர்களுக்குப் பெரிய சோதனைதான் வழி. தெரிந்துவிட்டால் சிறியதே மேல்.

எனக்கு இருக்கிறது. தங்கை சோதித்துக்கொள்ளவில்லை.

தங்கையின் வழியையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இருக்கிறது என்று எழுத்தில் வந்துவிட்டால் அதோடு தூங்கி எழ முடியாது என்கிறாள். இருப்பதாக வைத்துக்கொண்டே பரிசோதனைகளைச் செய்துகொள்கிறாள். உடம்பைக் காப்பதில் இந்த வழிக்குக் குறை சொல்ல முடியாது. ஆனால் சரிபாதி வாய்ப்பில் அவளுக்கு அது இல்லாமலும் இருக்கலாம். அப்படியானால் அவள் 60, 70 வயது வரை மலை இறங்கிச் செய்யப்போகும் ஒவ்வொரு கொலோனோஸ்கோபியும் வீண் பயணம். அவள் பிள்ளைகளும் அந்தப் பயணத்தைத் தொடர வேண்டும். நான் அவளிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன், மூன்றாம் முறை சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருப்பதும் அவள் உரிமை. பரிசோதனையும் வேண்டாம், மரபணுச் சோதனையும் வேண்டாம் என்று இருப்பவரோடுதான் நான் சண்டை போடுவேன்.

இனிக் குடல். மூன்று வழிகள் எங்கள் முன் இருந்தன: வீட்டிலேயே மலத்தில் இரத்தம் பார்க்கும் சோதனை, ஆண்டுதோறும் கொலோனோஸ்கோபி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொலோனோஸ்கோபி.

மலச் சோதனை மலைவாசிக்கு ஆசைகாட்டும் வழி. ஒரு சிறு குப்பியில் எடுத்துக் கொடுத்துவிடலாம். மலை இறங்க வேண்டாம், கூலி போகாது. பொதுமக்களுக்கு அது நல்ல சோதனைதான். எங்களைப் போன்றவர்களுக்கு அதை மட்டும் நம்பக் கூடாது. மற்றவர்கள் குடலில் ஒரு பாலிப் (சதைமொட்டு) முளைத்துப் புற்றாக மாறப் பத்து ஆண்டுகள்கூட ஆகும். லிஞ்ச் குடும்பத்தில் ஓரிரண்டு, மூன்று ஆண்டுகளில் மாறிவிடும். அந்தப் பாலிப்புகளும் பல நேரம் தட்டையாக, கசிவில்லாமல் இருக்கும். இரத்தம் வரும்வரை காத்திருக்கும் சோதனைக்கு இங்கே நேரம் போதாது. கொலோனோஸ்கோபியில் பாலிப்பைப் பார்க்கும்போதே எடுத்துவிடுகிறார்கள். புற்றைக் கண்டுபிடிப்பதோடு அது வராமலே தடுப்பதும் அந்த ஒரு வேலையில் நடக்கிறது.

அது வேலை செய்கிறது என்பதற்குப் பின்லாந்தில் 15 ஆண்டுகள் பார்த்த கணக்கு இருக்கிறது, 2000-இல் வெளியானது. 22 குடும்பங்களைச் சேர்ந்த 252 பேர். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொண்ட 133 பேரில் 8 பேருக்குக் குடல் புற்று வந்தது. செய்துகொள்ளாத 119 பேரில் 19 பேருக்கு. முதல் கூட்டத்தில் குடல் புற்றால் ஒருவரும் சாகவில்லை. இரண்டாம் கூட்டத்தில் ஒன்பது பேர். இந்த ஒன்பதுக்கும் பூஜ்யத்துக்கும் இடையில்தான் என் மாமா இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை என்பதில் நாடுகளே வேறுபடுகின்றன. ஜெர்மனியில் ஆண்டுதோறும், நெதர்லாந்தில் ஓரிரண்டு ஆண்டுக்கு, பின்லாந்தில் இரண்டு, மூன்று ஆண்டுக்கு. 2018-இல் இந்த மூன்று நாட்டுக் கணக்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, புற்று வரும் விகிதத்திலோ எந்தக் கட்டத்தில் பிடிபடுகிறது என்பதிலோ பெரிய வேறுபாடு தெரியவில்லை. அமெரிக்க வழிகாட்டல் எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2 உள்ளவர்களுக்கு 20–25 வயதில் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்கிறது. குடும்பத்தில் 25-க்கு முன்பே யாருக்காவது வந்திருந்தால் அந்த வயதுக்கு 2 முதல் 5 ஆண்டுகள் முன்பே தொடங்க வேண்டும். எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 சற்று மென்மையானவை. 30–35-இல் தொடங்கினால் போதும்.

நான் மருத்துவரோடு பேசி இரண்டு ஆண்டு என்று வைத்துக்கொண்டேன். தம்பிக்கு ஒருமுறை வந்துவிட்டதால் ஆண்டுதோறும். ஆண்டுதோறும் என்று எழுதிக்கொண்டு மூன்றாம் ஆண்டு விட்டுவிடுவதைவிட, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல் போவது எனக்கு நல்லது. இது என் கணிப்பு. நகரத்தில், மருத்துவமனைக்கு ஆட்டோவில் போகிற தூரத்தில் இருந்திருந்தால் ஆண்டுதோறும் என்றே சொல்லியிருப்பேன்.

ஏனென்றால் ஒரு பரிசோதனை எங்களுக்கு இரண்டு நாள். மயக்க ஊசி போடுவதால் துணைக்கு ஆள் வேண்டும். ஆக இரண்டு பேருக்கு இரண்டு நாள் கூலி. முதல் முறை வீட்டிலேயே முதல் பாதி மருந்தைக் குடித்துவிட்டு, இரவோடு இரவாக வாடகைக் காரில் இறங்கிப் பார்த்தோம். அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. இரண்டாம் முறை முதல்நாள் மதியமே கோயம்புத்தூர் போய், மருத்துவமனைக்கு நடக்கும் தூரத்தில், அறைக்குள்ளேயே கழிப்பறை உள்ள ஒரு விடுதியில் தங்கினோம். முந்தைய மாலையே உள்நோயாளியாகச் சேர்த்துக்கொள்ளும் இடங்களும் உண்டு. செலவு கூடும், ஆனால் வயதானவர்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் அதுதான் சரி. நீலகிரியிலேயே செய்துகொள்ள வசதி கிடைத்தால் இன்னும் நல்லது. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு புது மருத்துவமனை திறந்திருக்கிறது. ஆனால் கோத்தகிரியிலிருந்து உதகைக்கும் மலைப்பாதைதான் என்பதை மறக்கக் கூடாது. இரவு அங்கே தங்க வேண்டும் என்ற கணக்கு மாறாது.

மாதத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எந்த நாளில் எந்த வளைவில் மண் சரியும் என்று சொல்ல முடியாது. 2009 நவம்பரில் சரிந்த சரிவை இங்கே யாரும் மறக்கவில்லை. ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக் கூட்டம். எங்களுக்கு ஜனவரி பின்பாதி. பொங்கல் முடிந்த கையோடு தேதி வாங்கிவிடுகிறோம். மூன்று நாள் முன்பிருந்து கீரை, கேழ்வரகு, விதையுள்ள காய், தக்காளி கிடையாது. வெள்ளைச் சோறும் தயிரும். முந்தைய நாள் வடித்த கஞ்சித்தண்ணீர், இளநீர், பால் ஊற்றாத தேநீர். குடல் சுத்தமாகாவிட்டால் அத்தனையும் வீண். முடிந்ததும் அறிக்கையில் இரண்டு சொற்களைத் தேடுங்கள்: குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது, கருவி சிறுகுடல் சேரும் முனை வரை போனதா. எழுதியிராவிட்டால் கேளுங்கள். தம்பியின் கட்டி அந்த முனையில்தான் இருந்தது.

கொலோனோஸ்கோபியாலும் எல்லாவற்றையும் தடுக்க முடியாது. இரண்டு பரிசோதனைக்கு நடுவிலும் வருகிறவர்கள் உண்டு. ஆனால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே பிடிபடுகிறது. குடலில் ஓட்டை விழும் ஆபத்து ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. அதே மயக்கத்தில் இரைப்பையையும் மேலிருந்து பார்த்துவிடச் சொன்னோம். வயிற்றுப்புண் கிருமி இருந்தால் மருந்து கொடுத்து அழித்துவிடலாம். ஒரே பயணத்தில் இரண்டு வேலை முடிகிறது.

குடலில் நான் தயங்கவில்லை. கர்ப்பப்பையில் ஓராண்டு தயங்கினேன்.

எம்.எஸ்.எச்.2 உள்ள பெண்ணுக்கு 80 வயதுக்குள் கர்ப்பப்பையின் உட்படலத்தில் புற்று வரும் வாய்ப்பு 21 முதல் 57 விழுக்காடு என்று கணித்திருக்கிறார்கள். குடலுக்கு 33 முதல் 52. சினைப்பைக்கு 8 முதல் 38. குடலுக்கு இருப்பதுபோல உறுதியான பரிசோதனை கர்ப்பப்பைக்கு இல்லை. ஓரிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உட்படலத்திலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்கலாம். அது உயிர் காக்கிறது என்று இன்னும் நிறுவப்படவில்லை. ஸ்கேன் அதைவிடப் பலவீனம், மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு உட்படலத்தின் தடிமன் நாளுக்கு நாள் மாறும். சினைப்பைக்கோ நம்பத்தகுந்த பரிசோதனை எதுவுமே இல்லை. கர்ப்பப்பைப் புற்றின் ஒரே நல்ல குணம், அது சீக்கிரமே இரத்தப்போக்கால் தன்னைக் காட்டிக்கொடுப்பது. அம்மாவுக்கும் காட்டிக்கொடுத்தது. மாதவிலக்கு நிற்கப்போகும் வயது, அப்படித்தான் இருக்கும் என்று பத்து மாதம் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார்.

மறுபக்கம், எடுத்துவிடுவது. 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 315 லிஞ்ச் பெண்களைப் பார்த்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட 61 பேரில் ஒருவருக்கும் அந்தப் புற்று வரவில்லை. எடுக்காமல் ஒப்பிடப்பட்ட 210 பேரில் 69 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு வந்தது.

இந்த எண்ணைப் பார்த்த பிறகும் ஏன் தயங்கினேன் என்றால், கர்ப்பப்பையை எடுத்துவிடுங்கள் என்பது நம் ஊரில் ரொம்ப எளிதாகச் சொல்லப்படும் வார்த்தை. வெள்ளைப்படுதலுக்கும், சாதாரண உதிரப்போக்குக்கும், முப்பது வயதிலேயே எடுத்துக்கொண்டு எலும்பு தேய்ந்து நிற்கும் பெண்களை எங்கள் குடியிருப்பிலேயே எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நானும் சேர்கிறேனோ என்ற பயம். இரண்டும் வேறு என்று எனக்குப் புரிய வைத்தது கர்ப்பப்பையோடு சினைப்பையை எடுப்பதைப் பற்றிய பேச்சு. 41 வயதில் சினைப்பை போனால் மாதவிலக்கு ஒரே நாளில் நிற்கும். உடல் தகிப்பு, தூக்கமின்மை, எலும்புத் தேய்வு, இதயத்துக்கும் கேடு. அதை ஈடுசெய்ய ஏறக்குறைய 50 வயது வரை ஹார்மோன் மாத்திரை எடுக்கலாம் என்று, மார்பகப் புற்று வந்தவர்களுக்கு அது ஆகாது என்பதையும் சேர்த்து, ஒரு மருத்துவர் அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதிக் காட்டினார். முன்பு எடுத்துக்கொண்ட அந்தப் பெண்களில் ஒருவருக்கும் இந்த மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

பி.எம்.எஸ்.2 உள்ள பெண் என்றால் சினைப்பையை விட்டுவைக்கலாம். அங்கே ஆபத்து பெரிதாகக் கூடுவதில்லை. எனக்கு அந்த வசதி இல்லை. இரண்டு பிள்ளை பெற்றாகிவிட்டது. எடுத்துவிடத் தீர்மானித்தேன். அறுவைக்கு முன் உட்படலத் துணுக்கைச் சோதிக்கச் சொன்னேன். உள்ளே ஏற்கெனவே ஒளிந்திருந்தால் அறுவையின் அளவே மாறும். தங்கைக்கு 34, இன்னொரு குழந்தை ஆசை இருக்கிறது. அவளுக்குத் துணுக்குச் சோதனைதான் இப்போதைக்கு வழி. அதைக் கொலோனோஸ்கோபி மயக்கத்திலேயே சேர்த்துச் செய்துவிடலாம். 40 வயதை ஒட்டி அவள் மறுபடி யோசிக்க வேண்டும்.

ஆஸ்பிரின் புற்றைத் தடுக்குமா என்றும் கேட்பார்கள். பிரிட்டனின் ஜான் பர்ன் தலைமையில் 861 பேரிடம் நடத்திய ஆய்வின் பத்தாண்டுக் கணக்கு 2020-இல் வந்தது: தினம் 600 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தவர்களில் 9 விழுக்காட்டினருக்குக் குடல் புற்று, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 13 விழுக்காட்டினருக்கு. பலன் தெரியச் சில ஆண்டுகள் ஆகிறது, வயிற்றில் இரத்தக்கசிவு ஆபத்தும் உண்டு. கொலோனோஸ்கோபிக்குத் துணையாக எடுக்கலாம், அதற்குப் பதிலாக எடுக்கக் கூடாது. மருந்துக்கடையில் நேராக வாங்கித் தொடங்காதீர்கள்.

எங்கள் திட்டத்தை வேறு மரபணுக் குடும்பங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. மார்பகம், சினைப்பை என்று புற்று வரும் பி.ஆர்.சி.ஏ. மரபணுக் குடும்பங்களுக்கு 25 வயதிலிருந்து மார்பக எம்.ஆர்.ஐ., 30-லிருந்து மேமோகிராமும் (மார்பக எக்ஸ்ரே). குடலில் நூற்றுக்கணக்கில் பாலிப் முளைக்கும் ஏ.பி.சி. மரபணுப் பழுதுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலேயே குடல் பரிசோதனை. அவை வேறு கணக்கு.

எங்களைத் தூங்கவிடாமல் செய்த கேள்வி வேறு. தம்பி கட்டியிருப்பது மாமா மகளை.

அந்தத் திருமணத்தில் நாங்கள் எல்லாரும் மகிழ்ந்தோம். மாமா இல்லாத வீட்டுக்கு அம்மா பக்கத்து உறவு திரும்பி வந்ததாக நினைத்தோம். மரபணுக் கணக்கில் அதன் பொருள் இது: மாமாவிடம் இருந்த பழுது அவர் மகளுக்கு வந்திருக்கச் சரிபாதி வாய்ப்பு. வந்திருந்தால், இருவரிடமும் ஒரே பழுது. அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பில் இரண்டு பிரதியுமே பழுதாக வரும். அது லிஞ்ச் அல்ல, அதைவிடக் கொடிது. மூளை, இரத்தம், குடல் என்று குழந்தைப் பருவத்திலேயே புற்று வரும். தோலில் பால் கலந்த காப்பி நிறத்தில் மச்சங்கள் இருக்கும். அந்தக் குழந்தைகளுக்குப் பள்ளிக்குப் போவதற்கு முன்பே மூளை எம்.ஆர்.ஐ. தொடங்க வேண்டும்.

ஆகவே வரிசையில் என்னையும் தங்கையையும் முந்தி அவள்தான் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். பிள்ளைகளின் முதுகை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி மூன்று வாரம் காத்திருந்தோம். அவளுக்கு இல்லை என்று வந்தது. அன்றைக்கு அவள் அழுத அழுகையில் அவள் அப்பாவுக்கான அழுகையும் இருந்தது.

பிள்ளைகளுக்குச் சரிபாதி வாய்ப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இப்போது சோதிக்கப்போவதில்லை. எங்கள் பழுதுக்குப் பரிசோதனை 20 வயதுக்கு மேல்தான் தொடங்கும். ஒன்பது வயதுப் பையனுக்கு இப்போது தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. 18 ஆனபின் அவர்களே தீர்மானிக்கட்டும். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லி வைத்திருக்கிறோம்: எங்கள் வம்சத்துக்குள் அத்தை மகன், மாமன் மகள் என்று பேச்சு எடுத்தால், ஜாதகம் பார்ப்பதற்கு முன் இந்தத் தாளைப் பார்க்க வேண்டும். முறைப்பெண் கட்டும் எந்தக் குடும்பத்திலும், பரம்பரைப் புற்றுநோய் தெரியவந்தால் இதுதான் முதல் கேள்வி.

கடைசியாக, எங்கள் உறவில் பாதி இருக்கும் இலங்கை மலையகத்து ஹட்டன். 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று அங்கே தோட்டங்களில் இருந்த எங்கள் ஆட்களைப் பிரித்தார்கள். அம்மாயியும் அம்மாவும் மாமாவும் இங்கே வந்து அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். பெரியம்மா புருஷன் வீட்டோடு அங்கேயே நின்றுவிட்டார். மருத்துவர்கள் பரம்பரையைச் சந்தேகிக்க வைத்திருந்த பழைய விதி, மூன்று உறவினர், இரண்டு தலைமுறை, அதில் ஒருவர் 50 வயதுக்குள் என்பது. வம்சத்தில் பாதி கடலுக்கு அப்பால் இருக்கும் குடும்பம் அந்த மூன்று விரலை எப்படி மடக்கும்? தாத்தா எதனால் இறந்தார் என்பதற்கே எங்களிடம் ‘வயிற்றுவலி கண்டு’ என்ற இரண்டு சொல்தான் இருக்கிறது.

தம்பியின் அறிக்கையைப் படம் எடுத்து, பழுதின் சரியான குறியீடு தெரியும் வரியைக் கோடிட்டு, பெரியம்மா மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அந்த ஒரு வரி இருந்தால் எந்த நாட்டுச் சோதனைக்கூடமும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடும். கூடவே குரல் செய்தியில், உதிரப்போக்கு, சோகை, மலத்தில் இரத்தம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டார். அவருக்கு 45. பெரியம்மா 51-இல் ‘கர்ப்பப்பை வீங்கி’ இறந்ததாகச் சொன்னார். எங்களுக்கு மாரடைப்பு என்றுதான் தகவல் வந்திருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, தனக்கும் இரண்டு மாதமாகத் தீட்டு நிற்கவில்லை என்றார். நாளைக்கே போ அக்கா, கொழுந்து கிடக்கட்டும் என்றேன். கண்டியில் துணுக்கு எடுத்திருக்கிறார்கள்.